நாக்கு அழுத நாள்

ஐஸ்கிரீம் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘நாக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. புதிதாக எந்த ருசி தயாரானாலும், ருசி பார்க்கும் அறையில் முதுகு உயர்ந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பாள். ‘ம்’ என்றால் அது கடைக்குப் போகும். ‘ம்ஹூம்’ என்றால் சாக்கடைக்குப் போகும். காரணம் கேட்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இல்லை.

அப்படிப்பட்ட நாக்கிடம் நர்ஸ் சொன்னாள்: “இந்த மருந்து ஏறினதுக்கப்புறம் ஒரு வாரத்துக்குக் குளிர்ச்சியா எதையும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது. ஃப்ரிட்ஜைத் திறக்கறதைக்கூட வீட்டுல வேற யாராவது பார்த்துக்கட்டும்.”

பக்கத்தில் நின்றிருந்த கணவருக்கு இருமல் வந்தது.

“தொட்டா என்ன ஆகும் சிஸ்டர்?” என்றாள் நாக்கு, ஏதோ பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்பதைப் போல.

“விரல்ல ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும். குளிர்ச்சியா முழுங்கினா தொண்டை இறுகிக்கும், தாடை பிடிச்சுக்கும். மூச்சு அடைக்கற மாதிரி தோணும். உண்மையில அடைக்காது. ஆனா அந்த நேரத்துல அது உங்களுக்கு ஞாபகம் வராது. வெதுவெதுன்னு ஏதாவது குடிச்சா சரியாயிடும். ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“பால் சம்பந்தப்பட்ட வேலை.”

மறுபடியும் இருமல்.

“சாருக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள் நர்ஸ். “இருமறவங்க இங்க நிக்கக்கூடாது. இங்க இருக்கறவங்க யாருக்கும் சளியைத் தாங்கற தெம்பு கிடையாது.”

“இது சளி இல்லம்மா. மனசாட்சி” என்றார் அவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். தன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியிலேயே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்ததால், வீட்டுக்குள் அப்படி ஒன்று இல்லாதது அவருக்குத் தீராத குறை.

பெருங்குடலில் இருந்த கட்டியை ஏற்கெனவே அறுத்து எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் தேடிப் பிடிக்கத்தான் இந்த மருந்து. அன்று முதல் தவணை. சாய்வு நாற்காலியில் நாக்கு படுத்திருக்க, மேலே பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் ஊசி இல்லை. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் சின்னப் பெட்டி ஒன்றைப் போன வாரமே தைத்து வைத்திருந்தார்கள். ஊசி அதில் குத்தியிருந்தது.

“கையிலயே போட்டா என்னவாம்?” என்று கேட்டார் கணவர்.

“கை நரம்பு மெல்லிசு சார். இந்த மருந்து போகப்போக அதைப் புண்ணாக்கிடும். இந்தப் பெட்டியிலருந்து நேரா நெஞ்சுகிட்ட இருக்கற பெரிய ரத்தக்குழாய்க்குப் போயிடும்.”

“ஊருக்குள்ள நுழையாம சுத்துச் சாலையில போற மாதிரி.”

“அப்படியே வெச்சுக்குங்க.”

பக்கத்துப் படுக்கையைச் சுற்றி இழுத்திருந்த பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “சொட்டுக் கட்சியில புதுசா ஆள் சேர்ந்திருக்கா? வாழ்த்துக்கள்.”

“அது கணக்கு சார்” என்றாள் நர்ஸ். “அவருக்குச் சிறுநீர்ப்பையில. சின்னக் குழாய் வழியா மருந்தை உள்ள விட்டு, கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கணும். எல்லாப் பக்கமும் படணும்ல, அதான் திரும்பித் திரும்பிப் படுக்கச் சொல்லியிருக்கோம்.”

“பள்ளிக்கூடத்துல முப்பது பிள்ளைங்களை அடக்கினேன். இப்ப இதை அடக்கறேன். அதுவே பரவாயில்ல” என்றது திரை. “இங்க மூணு கட்சி இருக்கும்மா. உங்களுது சொட்டுக் கட்சி. வயித்துத் தோல்ல ஊசி போட்டுக்கிட்டு உடனே கிளம்பிடறவங்க ஊசிக் கட்சி. வீட்டுலயே முழுங்கிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வந்து நம்மளைப் பாவமாப் பார்த்துட்டுப் போறவங்க மாத்திரைக் கட்சி. அவங்ககூட மட்டும் பேசாதீங்க. மாத்திரைதானேன்னு அவங்க அலட்டிக்கறதே இல்ல. அதுவும் இதே விஷம்தான், வாய் வழியாப் போகுது, அவ்வளவுதான்.”

“நீங்க எந்தக் கட்சி சார்?”

“நான் சுயேச்சை. சிஸ்டர், இடது பக்கம் திரும்பலாமா?”

“திரும்புங்க சார்.”

பை காலியானதும் நர்ஸ் வேறொன்றைக் கொண்டுவந்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் குடுவை. உள்ளே மருந்து நிரம்பிய பலூன் உப்பியிருந்தது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, சத்தமும் இல்லை. பலூன் தானாகவே சுருங்கச் சுருங்க மருந்து இரண்டு நாளைக்கு மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

“இதை மட்டும் எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்? இங்கயே சட்டுனு ஏத்திவிட்டுடுங்களேன்” என்றாள் நாக்கு.

“அந்தக் கெட்ட செல்லுங்க எல்லாம் ஒரே நேரத்துல ரெண்டாப் பிரியாதும்மா. ஒண்ணு இப்பப் பிரியும், இன்னொண்ணு ராத்திரி பிரியும். பிரியற நேரத்துலதான் இந்த மருந்து அதுங்களைப் பிடிக்கும். அதனால வாசல்லயே உட்கார்ந்து காவல் காக்கணும். முக்கியமா ஒண்ணு, இந்தக் குழாய் முனையைத் தோலோட ஒட்டி வெச்சிருக்கேன், எடுக்காதீங்க. உடம்புச் சூட்டுல இருந்தாத்தான் சரியான வேகத்துல போகும். குளிர்ல போய் நின்னா மெதுவாயிடும்.”

குடுவையை இடுப்புப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், கணவர் தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்குச் சட்டை தைத்தார். ‘பாப்பா’ என்று பெயரும் வைத்தார்.

“பாப்பாவுக்கு நாளைக்கு லீவு சொல்லியாச்சா?” என்று கேட்டார்.

“நாளைக்குத்தான் பெரிய ருசி. கோடைக்கு எதுன்னு முடிவு பண்ற நாள். நான் போகலைன்னா அந்த சென்ட் தம்பி என் நாற்காலியில உட்காருவான்.”

“உட்காரட்டுமே. நாற்காலி தேஞ்சா போகும்?”

“ஒரு தடவ உட்கார்ந்தவன் எந்திரிக்க மாட்டான். நான் எந்திரிச்சேனா?”

சென்ட் தம்பி முதலாளியம்மாவின் அண்ணன் மகன். முன்பு வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றில் இருந்தவன். எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பான், சம்பளக் கவரைக்கூட. கம்பெனியில் யாரிடமும் நோயைப் பற்றி நாக்கு சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு ‘அக்கா ஊருக்குப் போறேன்’ என்று லீவு எழுதியிருந்தாள். கீமோ என்று கேள்விப்பட்டாலே ‘ஐயோ, அப்ப நாக்கு போச்சா?’ என்பார்கள். அது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். சாயங்காலமே வாயில் ஒரு பழைய ஆணியை ஒதுக்கி வைத்திருப்பதைப் போல் இருந்ததால், அவளுக்குப் பயம்தான் வந்தது.

“குளிர்ச்சிதானே ஆகாது? உருகவிட்டுக் குடிச்சிடறேன்” என்றாள்.

“நீ பண்றது எதுவுமே எனக்குப் பிடிக்கல. வண்டியை மட்டும் நான் ஓட்டறேன்.”

மறுநாள் அவள் கையுறை, கழுத்துத் துணி, வெந்நீர் ஃப்ளாஸ்க் சகிதம், குளிர்ந்துகிடந்த ருசி பார்க்கும் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்ந்தாள். பனிமலை ஏறப் போகிறவளைப் போல் இருந்தது.

“என்ன நாக்கு, இடுப்புல பை?” என்றாள் முதலாளியம்மா.

“முதுகுவலிக்கு ஒத்தடம்.”

முதலில் வந்தது ஆரஞ்சுத் தோல் போட்ட கிண்ணம். அதை ஓரமாகத் தள்ளிவைத்து, “இப்பல்லாம் உருகவிட்டுத்தான் ருசி பார்க்கணும். குளிர் இனிப்பை மறைச்சிடும்” என்று அறிவித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

அப்புறம் சென்ட் தம்பி தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தது அந்த ஐஸ்கிரீம். “இதுக்குப் பேரு முதல் மழை” என்றான். “காஞ்ச மண்ணுல முதல் தூறல் விழும்போது ஒரு வாசனை வருமே, அது. அக்கா, இதை மட்டும் உருகவிட்டுடாதீங்க. உருகினா வாசனை பறந்துடும். இப்பவே.”

“அவசரப்படாத தம்பி.”

“இப்பவே சாப்பிடு நாக்கு” என்றாள் முதலாளியம்மா. மழை என்ற யோசனை அவளுடையது. “எங்க எல்லாருக்கும் நீ சாப்பிட்டதுக்கு அப்புறம்தானே.”

அறையில் இருந்த எல்லாக் கண்களும் அவள் கரண்டி மேல். நாக்கு கரண்டியின் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்தாள். கையுறையைத் தாண்டி விரல்களில் ஊசி குத்தியது. வாயில் வைத்தாள்.

தாடை பூட்டிக்கொண்டது. தொண்டைக்குள் யாரோ கடை ஷட்டரைச் சரேலென்று இழுத்துவிட்டார்கள். நர்ஸ் சொன்னது சரிதான், மூச்சு அடைக்காது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தாள். ‘ம்ஹூம்’ சொல்லப் பார்த்தாள், உதடு அசையவில்லை. கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.



“அழறா” என்றாள் முதலாளியம்மா மெதுவாக. “நாக்கு அழறா! இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லையே!”

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் கைதட்டினார்கள். சென்ட் தம்பியும் விம்மினான். முதலாளியம்மா தானும் ஒரு கரண்டி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா” என்றாள். வரிசையாக ஆளுக்கொரு கரண்டி, ஆளுக்கொரு ஆகா.

நாக்கு எப்படியோ ஃப்ளாஸ்க்கைத் திறந்து வெந்நீரைக் குடித்து, ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, குரல் திரும்பி வருவதற்குள், டப்பா மூடி அச்சடிக்கும் ஆளுக்கு முதலாளியம்மா ஃபோன் போட்டுவிட்டாள். “மூடியில ஒரு துளி வரைங்க. மழைத்துளியா கண்ணீரான்னு தெரியக்கூடாது. கீழ, ‘நாக்கையே அழவைத்தது’ன்னு போடுங்க.”

அப்போதுதான் ருசியும் வந்து சேர்ந்தது. பூந்தொட்டியை நக்கியதைப் போல் இருந்தது, அடியில் துருப்பிடித்த இரும்பு. அந்த இரும்பு மழையினுடையதா, மருந்தினுடையதா? அவளுக்குத் தெரியவில்லை. ருசி விஷயத்தில் அவளுக்கு ஒன்று தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

வண்டியில் இதைக் கேட்டு கணவர் சிரித்த சிரிப்பில் ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. “வாயே திறக்காம வேலையைக் காப்பாத்திக்கிட்டியே! இனிமே உன்னை நாற்காலியிலருந்து யாரு அசைக்க முடியும்?”

“அதான் பயமா இருக்கு. வாயில வைக்க விளங்காத ஒண்ணு என் கண்ணீரோட கடைக்குப் போகப் போகுது. வாங்கறவன் முதல் கரண்டியிலயே கேப்பான், இதுக்கா அவ அழுதாள்னு. நாற்காலி இருக்கும். நாக்குன்னு கூப்பிட எவன் இருப்பான்?”

“அப்ப சொல்லிடு.”

“சொன்னா நாற்காலி போயிடும்.”

“சொல்லாட்டி பேரு போயிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டுச்சந்துதான்” என்று வண்டியைக் கிளப்பினார்.

பாப்பாவைக் கழற்ற வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் குடுவையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பலூன் இன்னும் முழுதாகச் சுருங்கவில்லை.

“எங்க போனீங்க?”

“எங்கயும் போகலையே” என்றாள் நாக்கு.

“குளிர்ல இருந்திருக்கீங்க. பலூன் பொய் சொல்லாது. சார், நீங்க சொல்லுங்க.”

“இவ ஐஸ்கிரீம் கம்பெனியில வேலை பார்க்கறா” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார் கணவர். “குளிர் அறையிலதான் உட்கார்ந்திருந்தா. ஒரு வாய் சாப்பிடவும் செஞ்சா.”

நர்ஸ் நாற்காலியைக் காட்டினாள். “உட்காருங்க. மிச்சம் இறங்கற வரைக்கும் அசையக்கூடாது. இவ்வளவு பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன், ஐஸ்கிரீம் கம்பெனிக்காரிகிட்ட சொல்றோம்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

“சொட்டுக் கட்சிக்கு அவமானம்” என்றது பச்சைத் திரை. கணக்கு சாருக்கு வாரம் ஒரு முறைதான் மருந்து. ஆனால் அன்று பரிசோதனை ஒன்றுக்காக வந்தவர், சம்பாஷணைக்காகத் தங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கணவருக்கு சென்ட் தம்பியிடமிருந்து ஃபோன். மூடி தயார், அக்காவிடம் காட்ட வேண்டும், எங்கே இருக்கிறீர்கள்? கணவரிடம் பிரேக் இருந்தது காலில், வாயில் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சென்ட் தம்பி கையில் மூடியோடு வார்டு வாசலில் நின்றான். குழாய்களைப் பார்த்தான், குடுவையைப் பார்த்தான், காற்றை முகர்ந்தான்.

“அக்கா, அப்ப நீங்க நேத்து அழுதது...”

“மருந்து, தம்பி. குளிர் பட்டதும் தாடை பிடிச்சுக்கிச்சு. வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கல.”

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். “அப்பாடா! எனக்கே பிடிக்கலக்கா அது. மழைன்னு அத்தை சொன்னாங்க, நான் செஞ்சேன். மோந்து பார்த்தா மழை. வாயில வெச்சா சேறு. எப்படியும் நீங்க ஒரு ‘ம்ஹூம்’ போட்டு முடிச்சு வெச்சிடுவீங்கன்னு நம்பித்தான் கொண்டுவந்தேன். நீங்க அழுததும் எனக்கு வந்தது ஆனந்தக் கண்ணீர்னா நினைச்சீங்க?”

நாக்கு அவனையே பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். “ஃபோனைக் கொடு.”

முதலாளியம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது, ஏனென்றால் நாக்கு ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். ஒளித்து வைக்க இனி என்ன இருக்கிறது? கட்டி, கத்தி, சொட்டு, குடுவை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். “அது கண்ணீர் இல்லம்மா. மழையும் இல்ல. மூடியை நிறுத்துங்க.”

 பச்சைத் திரை ஒரு விரற்கடை விலகியது.

“ஊருக்குப் போறேன்னு சொன்னியே?” என்றாள் முதலாளியம்மா.

“பொய்.”

“உடம்புக்கு இப்படின்னு என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?” குரல் ஓர் இடத்தில் இடறி, செருமிச் சரிசெய்துகொண்டது. “சரி. அந்த ஐஸ்கிரீம் எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு.”

“தம்பியைக் கேளுங்க.”

சென்ட் தம்பி எழுந்து நின்றான். “பூந்தொட்டி மாதிரி இருந்துச்சு அத்தை.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் முதலாளியம்மா. “நாக்கே அழுதுட்டாளே, நமக்குத்தான் ரசனை இல்ல போலன்னு பேசாம இருந்தேன். எல்லாரும் ஆகா ஆகான்னீங்களேடா!”

“நீங்கதான் முதல்ல சொன்னீங்க அத்தை.”

“வாயை மூடு. நாக்கு, கேட்டுக்க. உன் மருந்து முடியற வரைக்கும் நாற்காலியில இவன் உட்காருவான். நீ வீட்டுல இரு.”

அவள் பயந்த வார்த்தை வந்துவிட்டது. வந்த பிறகு அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் ‘வீட்டுல இரு’ என்பதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

“நாற்காலியில அவன் உட்காரட்டும். பால் காய்ச்சற அறை சூடாத்தானே இருக்கு? ஒவ்வொரு கலவையும் குளிருக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வரட்டும். சூட்டோட ருசி பார்த்து அனுப்பறேன்.”

“உடம்பு நல்லா இருக்கற வாரமாப் பார்த்து வரட்டும், ஒரேயடியா வேணாம்னு சொல்லாதீங்க” என்றாள் நர்ஸ், யாரும் கேட்காமலே. “அந்த அறைக்கு ஆட்சேபணை இல்ல.”

“உன் வாயிலதான் மருந்து இருக்கே” என்றாள் முதலாளியம்மா. “உன் நாக்கு வேலை செய்யுதுன்னு நான் எப்படி நம்பறது? இப்பப் பக்கத்துல என்ன இருக்கு, சூடா?”

“ஃப்ளாஸ்க்ல பால் இருக்கு. இவர் கொண்டுவந்தது.”

“குடிச்சுட்டுச் சொல்லு. தம்பி, நீயும் குடிச்சுட்டுச் சொல்லு. சரியா வருதான்னு பார்க்கறேன்.”

கணவர் ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நாக்கு ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். வார்டே அவளைப் பார்த்தது. மாத்திரைக் கட்சிக்காரர் ஒருவர்கூட வாசலில் நின்று பார்த்தார்.

“பால் லேசா அடிப்பிடிச்சிருக்கு. மேலாக எடுத்து ஊத்தி மறைக்கப் பார்த்திருக்கார். சர்க்கரை ரெண்டு தடவ போட்டிருக்கு. ஒரு தடவ போட்டது மறந்துபோய் மறுபடி போட்டது.”

கணவரின் முகம் வெளிறியது. சென்ட் தம்பி முகர்ந்தான், குடித்தான், மறுபடி குடித்தான். “அடிப்பிடிச்சிருக்கு அத்தை. சர்க்கரையும் டபுள்.”

“சார், ரெண்டு தடவயா போட்டீங்க?” என்றது ஃபோன்.

“நடுவுல ஃபோன் வந்துச்சு” என்றார் அவர், அகப்பட்ட கள்வனின் குரலில்.

“சரி. பால் அறை உன்னோடது” என்றாள் முதலாளியம்மா. “இனிமே என்கிட்டப் பொய் சொன்னா, அந்த முதல் மழை மொத்தத்தையும் உன்னையே சாப்பிட வெப்பேன்.” ஃபோன் அணைந்தது. பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து கைதட்டல் எழுந்தது.

பலூன் கடைசிச் சொட்டுவரை இறங்கியதும் நர்ஸ் ஊசியைக் கழற்றி, சின்னப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவைத்தாள்.  வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டபிறகு, கணவர் பயபக்தியோடு அவள் பக்கம் திரும்பினார்.

“மருந்து இவ்வளவு ஏறியும் மேலாக ஊத்தினது வரைக்கும் கண்டுபிடிச்சுட்டியே! அது என்ன நாக்கும்மா?”

“எதுவுமே தெரியலைங்க. வாய் பூரா இரும்புதான். அது பாலா வெந்நீரான்னுகூடத் தெரியல.”

“அப்புறம் எப்படிச் சொன்னே?”

“பாலை அடுப்புல வெச்சுட்டு நீங்க ஃபோன் பேசுவீங்க. அடிப்பிடிச்சா மேலாக ஊத்துவீங்க. சர்க்கரை போட்டீங்களான்னு உங்களுக்கே தெரியாது. கல்யாணம் ஆனதுலருந்து இதைத்தானே குடிக்கறேன்.”

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். “அப்ப பால் அறையில என்ன பண்ணுவே? அங்க நான் இல்லையே!”

“முதல் வாரம் இப்படித்தான் இருக்கும், அடுத்த தவணைக்குள்ள ருசி கொஞ்சம் திரும்பும்னு சிஸ்டர் சொன்னாங்க. திரும்பின அப்புறம்தான் போகப் போறேன். அதுவரைக்கும் லீவு.” சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “என்ன லீவுன்னு கேட்டா இந்தத் தடவ உண்மையைச் சொல்லிக்கலாம். வண்டியை எடுங்க, குளிருது.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.